கூடத்து மலை

எஞ்சின் சக்கரத்தில் அன்றைக்கும் முடி சுற்றியிருந்தது.

செவந்தி அந்தப் பொம்மை எஞ்சினை மல்லாத்திப் பிடித்து, ஊக்கு முனையால் நெம்பினாள். நேற்றும் இதே முடியை எடுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாளம் முழுக்கத் துடைத்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு, எஞ்சினை அதன் தகரக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது அவள் கைதான். அதற்கப்புறம் யாரும் ஓட்டவில்லை. ஆனாலும் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. குழந்தை முடி மாதிரி மெல்லிசு. நீளமோ ஒரு முழம். விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்தாள். பல நாளாகக் குளிக்காமல், வேர்த்து வேர்த்துக் காய்ந்து, சிக்குப் பிடித்துப் போன தலையின் வாடை.

குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"மசக்கைக்காரிக்கு எல்லாந்தான் நாறும்" என்றாள் நாத்தனார் பிரகதாம்பாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்காகத் தொட்ட வேலைய விட்டுட்டு ஓடியார்றதா? தம்பி வந்தாக் கேக்கும்."

"முடி மதினி. சக்கரத்துல முடி."

"பொம்பளைக பொழங்குற வீட்டுல முடி இல்லாம மயிலெறகா கெடக்கும்?"

இந்த வீட்டில் வாந்திக்குச் சொல்லும் காரணம் அது ஒன்றுதான். அஞ்சாம் மாசத்தில் நின்றிருக்க வேண்டிய வாந்தி ஆறாம் மாசம் நடக்கும்போதும் நிற்கவில்லை என்றால், அதுவும் மசக்கைதான். வீடு நாறுகிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வீடு நாறியது. அவள் கணவர் ஆத்மநாதன், ரங்கூன் கடையை உலகச் சண்டைக்கு முன்பே விற்றுவிட்டுத் திருமயத்துக்கே வந்துவிட்டவர். வேறு வேலை எதுவும் இல்லை. சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை ரயில் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்து, தண்டவாளம் தண்டவாளமாய் வாங்கிச் சேர்த்து, கூடத்தை அடைத்துத் தாழ்வாக ஒரு மேசை போட்டு, புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரைக்குமான ரயில் லயனை அதன் மேல் அப்படியே கட்டியிருந்தார். ஸ்டேஷன், கைகாட்டி, தண்ணீர்த்தொட்டி, கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவன் எல்லாம் இருந்தன. சண்டை வந்ததும் கப்பல் நின்றது, பார்சல் நின்றது. மனிதர் நிறுத்தவில்லை. தானே செய்ய ஆரம்பித்தார். தோலையும் எலும்பையும் காய்ச்சி இறக்குகிற தச்சுப் பசை, வச்சிரம், சமையலறையிலேயே கொதித்தது. வெந்துவிட்டதா என்று சுண்டுவிரலில் வளர்த்திருந்த நீள நகத்தால் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு அதே கையால் சோறு பிசைவார். அதே கையை ராத்திரி அவள் மேல் போடுவார்.

மரங்களுக்கும் புல்லுக்கும் அவர் கண்டுபிடித்த வழி இன்னும் மோசம். தலை சீவினால் உதிர்கிற முடியைப் பெண்கள் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சேர்த்து வைத்துச் சவுரி கட்டிக்கொள்ளலாம். இந்த வீட்டில் பொந்து காலியாகவே இருக்கும். அக்கா பிரகதாம்பாளின் நரைமுடி கண்மாயில் கோரையாகியிருந்தது. செவந்தியின் முடிக்குப் பச்சைச் சாயம் முக்கி, புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் புளியமரமாக நிறுத்தியிருந்தார். தன் தலைமுடி நிழல் தர, அதன் கீழே தகர மனிதர்கள் நிற்பதைப் பார்க்கையில் அவளுக்கு உச்சந்தலை அரித்தது.

தூரத்துச் சொந்தம் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். நமணசமுத்திரத்தில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன் வேலை பார்த்த அவள் அப்பாவுக்கு, மெத்தை வீட்டுச் சம்பந்தம் கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம். கல்யாணமான மறுநாள் ஆத்மநாதன் அவள் கையில் துணியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொடுத்து, "ரயில்காரன் மகதானே, தண்டவாளத்த எப்படித் தொடைக்கணும்னு ஒனக்குச் சொல்லணுமா?" என்றார். அதற்காகத்தான் பெண் எடுத்தார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எட்டாங்கிளாஸ் வரை படித்த படிப்பு துணியைப் பிழியத்தான் உதவியது.

அப்பா ஒரே ஒரு தடவை வந்து கூடத்தை எட்டிப் பார்த்தார். லயனை ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மூலையில் மலையைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"மாப்ளே, கோட்டை மலை சரி. ரயிலு பக்கத்துலல்ல போகுது? நம்ம லயன்ல மலைக்குள்ள போற குகையே கெடையாதே."

ஆத்மநாதன் சிரிக்கவில்லை. "இங்க போகுது" என்றார்.

மலை மட்டும் மேசைமேல் இல்லை. கூடத்து ஈசானிய மூலையில் தரையிலிருந்தே எழும்பி அவள் தோள் உயரத்துக்கு நின்றது. மூங்கில் சட்டத்தின் மேல் கண்மாய்க் களிமண்ணை அப்பிக் கட்டியது. மேசை அதன் வயிற்றில் போய் முட்டும். தண்டவாளம் ஒரு வாய்க்குள் நுழைந்து, உள்ளே வளைந்து, பக்கத்து வாய் வழியாக வெளியே வரும். மேலே சடை சடையாகக் கறுத்த புல்.

அந்த மலையைப் பற்றி அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவள் அதைத் தின்றுகொண்டிருந்தாள்.

மாசமான பெண்கள் சாம்பல் தின்பார்கள், திருநீறு தின்பார்கள், மண் தின்பார்கள். யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். வச்சிரமும் மண்ணெண்ணெயும் மூக்குப்பொடியும் சேர்ந்து நாறுகிற அந்தக் கூடத்தில், மலையின் பின்பக்கம், சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற இடைவெளியில் மட்டும் புது மழை பெய்த வாடை அடித்தது. முதல் நாள் நகத்தால் கொஞ்சம் சுரண்டி வாயில் போட்டபோது, ஒரு மாசமாக எதுவும் தங்காத வயிறு குளிர்ந்து அடங்கியது. அன்றிலிருந்து துடைக்கிற சாக்கில் தினமும் அந்தச் சந்துக்குள் போவாள். முழங்காலிட்டு, அதே இடத்தில், ஒரு விரல் மண். பல்லில் நறநறவென்று அரைபடுவதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வாள். நாளடைவில் அங்கே ஒரு குழி விழுந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது. அந்த ஈரத்தில்தான் அவள் கவனித்தாள், மலைப் புல் வளர்ந்திருந்தது. போன வாரம் குகை வாய்க்கு மேலே கத்தரித்துவிட்ட இடத்தில் அது தொங்கி, தண்டவாளத்தில் கிடந்து புரண்டது. சக்கரத்தில் சுற்றுகிற முடி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"புல்லு நீண்டிருக்குங்க" என்றாள் கணவரிடம்.

அவர் குனிந்து, கோதிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாயிற்று. "நீண்டிருக்குல்ல?" என்றார். "வெட்டாத. சீவி விடு."

சீவி விட்டாள். தன் சீப்பால். சீப்பில் ஈர் வந்தது.

அன்றைக்குச் சுரண்டிய மண்ணில் பல்லுக்கடியில் ஏதோ வளைந்து கொடுத்தது. துப்பினாள். உள்ளங்கையில், எச்சிலுக்கும் சேற்றுக்கும் நடுவே, பிறை மாதிரி ஒரு நகத்துண்டு. கடித்துத் துப்பிய நகம். சின்னது. கிணற்றடிக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் மறுபடி அந்தச் சந்தில் முழங்காலிட்டிருந்தாள். தன் வாயைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் கேட்டது.

வேலைக்காரி ராக்காயி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மண்ணு திங்கிறியா தாயி?"

செவந்தி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கிறதுன்னா எங்க வீட்டுப் பக்கம் கரையான் புத்து இருக்கு, கொண்டாந்து தாரேன். கூடத்து மண்ணத் தொடாத." குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்கு முந்தி இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மீனம்மாவும் இப்படித்தான் ரயிலத் தொடைச்சுக்கிட்டே கெடக்கும். வயிறும் பிள்ளையுமா இருந்துச்சு. கோவிச்சுக்கிட்டு ரயிலேறிப் போயிருச்சுன்னு சொன்னாக. எந்தம்பிதான் ஸ்டேசன்ல போர்ட்டரு. அவன் கண்ணுல படாம இந்த ஊருக் கோழி கூட ரயிலேற முடியாது. அவன் பாக்கலங்கிறான்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? அந்த மழையிலதான் கூடத்துக்கு வண்டி வண்டியா மண்ணு வந்து எறங்குச்சு." ராக்காயி தேங்காய் நாரை ஓங்கித் தேய்த்தாள். "அந்தப் பிள்ளை இருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும்."

அதற்கப்புறம் செவந்திக்கு இருந்தது ஒரே யோசனை. ஏழாம் மாசம், வளைகாப்பு, தாய் வீடு. தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில் பெறுவது ஊர் உலக வழக்கம். அதை யாரும் தடுக்க முடியாது. பிள்ளை நமணசமுத்திரத்தில், நிஜ ரயில் தடதடக்கிற அந்தக் குவார்ட்டர்ஸில் பிறக்கட்டும். இங்கே மட்டும் வேண்டாம்.

"ஏங்க, அப்பா சொல்லி விட்டிருக்காக. வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு."

ஆத்மநாதன் மேசையின் அடுத்த மூலையில் மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "மலை முடியட்டும்."

"இது நமணசமுத்திரம் பக்கமுங்க. அங்கிட்டு ஏது மலை?"

"நான் வைக்கிற எடத்துல மலை. இப்படி வந்து ஒக்காரு."

தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். சணல் கயிற்றை எடுத்து, பின்னாலிருந்து தோளுக்குத் தோள் பிடித்தார். உச்சியிலிருந்து தரைக்குப் பிடித்தார். முன்பக்கம் வந்து, வயிற்றைச் சுற்றிக் கயிற்றை ஓட்டி, முடிச்சுப் போட்டார். மூச்சில் மூக்குப்பொடி நாறியது. நகம் தொப்புளில் கீறியது.

"இன்னும் கொஞ்சம் பெருக்கும்" என்றார், தனக்குத்தானே.

எழுந்து திரும்பியபோதுதான் பிளாச்சுக் கூட்டைச் சரியாகப் பார்த்தாள். தலை, தோள், மடக்கிய முழங்கால், முன்னால் தள்ளிய வயிறு. அந்த வயிற்றில், தண்டவாளம் வந்து முட்டுகிற இடத்தில், வளையமாக ஒரு வாய்.

மறுநாள் அவரே சாவி கொடுத்து ரயிலை விட்டார். அவள் துணியோடு பக்கத்தில் நின்றாள். ரயில் கடகடவென்று ஊரைச் சுற்றி, கண்மாயைத் தாண்டி, மலைக்குள் நுழைந்தது. சத்தம் நின்றது. வில்லு இறங்கியிருக்க முடியாது, இப்போதுதான் முறுக்கினார். ஆத்மநாதன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கிறவர் போல. கொஞ்ச நேரம் கழித்து மற்ற வாய் வழியாக வண்டி வெளியே வந்தது. ஓடி வரவில்லை. தள்ளிவிட்ட மாதிரி, விட்டுவிட்டு, நகர்ந்து வந்தது. கடைசித் திறந்த வேகனில் ஏதோ உருண்டது.

பால் பல். வேரில் ரத்தம் காயவில்லை.

பிரகதாம்பாள் எங்கிருந்தோ வந்து பல்லை எடுத்தாள். முற்றத்துக்குப் போய், மாட்டுச் சாணி உருண்டையில் அதைப் பொதிந்து, கூரைமேல் வீசினாள். எல்லாப் பிள்ளைகளின் பல்லையும் எல்லா வீட்டிலும் வீசுகிற மாதிரி.

"விழுந்திருச்சா என் ராசாவுக்கு?" என்றாள். அவள் குரலில் அந்தக் குழைவை செவந்தி கேட்டதே இல்லை. "வரிசையா மொளைக்கட்டும்."

"யாரு பல்லு மதினி?"

"பல்லு விழுந்தாக் கூரையில போடணும். யாருதுன்னு கேக்குறதா வழக்கம்?" கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உடனே வந்து கூட்டிப் போகும்படி அப்பாவுக்கு ராக்காயியின் தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பினாள். அப்பா வளைகாப்பு வரைக்கும் பொறுத்துக்கோ என்று சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையைப் பகைத்துக்கொள்ளக் கூடாதாம். அந்த மனுஷருக்குக் கை கும்பிட்டே பழகிவிட்டது. இனி யாரையும் கேட்பதற்கில்லை என்று முடிவு செய்தாள்.

வாய்ப்பு ஒரு சாவில் வந்தது. பெரிய தெருவில் பங்காளி வீட்டுத் துட்டி. வயிற்றுப் பிள்ளைக்காரி துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. அக்காவும் தம்பியும் மட்டும் கிளம்பினார்கள். வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். எஞ்சின் சாவி எப்போதும் போல அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. ராக்காயி கொல்லைக் கதவின் வெளித் தாழ்ப்பாளை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சாயங்கால வண்டி வடக்கே போகும். நமணசமுத்திரத்தில் நிற்கும். அவ்வளவுதான் தூரம்.

மழை. வானம் முன்னதாகவே இருட்டிவிட்டது. ரெண்டு சீலையை மூட்டை கட்டிக்கொண்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். கொல்லைக்குப் போகக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஓட்டிலிருந்து முற்றத்துக்குத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. வச்சிரத்தின் நாற்றம் ஈரக் காற்றில் கனத்து, தொண்டையில் எண்ணெய் மாதிரி படிந்தது. வெளிச்சத்தில் மேசைமேல் தகர மனிதர்களின் நிழல் நீண்டு, சுவரில் ஏறி, அவளோடு கூடவே நகர்ந்தது. புது மலைக்குப் பாதி மண் அப்பியாகிவிட்டது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

கடகட.

நின்றாள்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. எஞ்சின் வெளியே வந்திருந்தது. சாவி இல்லாத எஞ்சின். அது ஸ்டேஷனைத் தாண்டியது. அவள் முடியால் செய்த புளியமரத்தைத் தாண்டியது. அவசரமில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு மலைக்குள் போனது.

சத்தம் நின்றது.

மழை மட்டும்.

அப்புறம் இன்னொரு சத்தம். மெதுவாக. நறநற. நறநற. அவளுக்குத் தெரிந்த சத்தம். தினமும் கண்ணை மூடிக்கொண்டு தன் வாய்க்குள் கேட்டுவந்த சத்தம்.

அது மலைக்குள்ளிருந்து வந்தது.

போயிருக்கலாம். கொல்லைக் கதவு பத்தடியில் இருந்தது. தாழ்ப்பாள் நீங்குகிற ஓசை கேட்டது. "தாயி," ராக்காயியின் குரல், "வா தாயி, கைகாட்டி விழுந்திருச்சு." தூரத்தில் வண்டி ஊதியது. நிஜ வண்டி.

மூட்டையைக் கீழே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சந்துக்குள் ஒடுங்கினாள். மண் வாடை முகத்தில் அடித்தது. புது மழை. குளிர்ச்சி. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு, மலை இருந்த பக்கமாக உதைத்தது.

விளக்கைத் தாழ்த்தினாள்.

அவள் சுரண்டித் தின்ற குழி ஓட்டையாகியிருந்தது. கை நுழைகிற ஓட்டை. வெளி விளிம்பில் அவள் நகம் கீறிய தடம். உள் விளிம்பில் வேறு தடம். சின்னச் சின்னப் பல்லின் தடம். நடுவில் ரெண்டு பல் இல்லாத தடம்.

உள்ளேயிருந்தும் தின்றிருந்தார்கள்.

நறநற நின்றது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். வெதுவெதுப்பாக. அழுகிய பால் வாடை.

"தாயி! வண்டி வந்திருச்சு தாயி!"

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. பிள்ளைக் கை. வெளிச்சமே படாத வெள்ளை. கடித்துக் கடித்துக் குருத்து வரை போன நகங்கள். மணிக்கட்டுவரை நீட்டி, உள்ளங்கையை விரித்தது. அதில் ஓர் உருண்டை மண். எச்சிலில் பிசைந்தது. பளபளத்தது. ஓரத்தில் ஒரு நீளக் கறுப்பு முடி.

கை அவள் உதட்டுக்கு நேராக உயர்ந்து, காத்திருந்தது.

ஸ்டேஷனில் வண்டி ஊதிக் கிளம்பியது. குமட்டவில்லை. ஆறு மாசத்தில் முதல் தடவையாகச் செவந்திக்குக் குமட்டவில்லை. வாயில் எச்சில் ஊறி, கடைவாயில் வழிந்து, முகவாயிலிருந்து அந்தக் கையின்மேல் சொட்டியது.